தீக்குச்சி நடந்த கதை

(உதியன்குளங்கரையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழா என்றால் குறளின் மாண்பு பற்றி ஒருவர் பேசுவார். கம்பனின் கவிநயம் பற்றி மற்றொருவர் பேசுவார். அவ்விரண்டையும் பேசும் தகுதி எமக்கில்லை. யாம் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடுகளின் நடுவே காலம் கழித்து வருகின்றோம். ஆயினும் நம் செயலாளர், "கோடை விடுமுறையில் பிள்ளைகள் நாற்பது நொடி ஓடும் படம் ஒன்று எடுத்தார்களே, அதைத் திரையிடுமுன் அஃது எவ்வாறு எடுக்கப்பட்டது என்று நீங்கள் விளக்க வேண்டும், கூடவே இருந்தவர் நீங்கள்தாமே" என்று பணித்தார். கூடவே இருந்தோம் என்பது உண்மை. கூடவே இருந்து ஒரு கெடுதலும் செய்தோம் என்பதும் உண்மை. அதனையும் மறைக்காமல் சொல்லவே இங்கு வந்து நிற்கின்றோம்.

நீங்கள் காணப்போகும் படத்தில் தீப்பெட்டி ஒன்று தானே திறக்கும். உள்ளிருந்து தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, தண்டவாளமாகப் படுக்கும். அதன்மேல் தீப்பெட்டி வண்டியாக ஓடும். வண்டி நின்றதும் களிமண் திரி ஒன்று இறங்கி நெளிந்து எழுத்தாக மாறும். குச்சிக்குக் காலில்லை, களிமண்ணுக்கு உயிரில்லை. பின் எவ்வாறு நடந்தன? நூல் கட்டி இழுத்தோமா? காந்தம் வைத்தோமா? இரண்டும் இல்லை. இம்முறையைத் திரைத்துறையினர் ஸ்டாப் மோஷன் என்று வழங்குவர். நிறுத்தி நிறுத்தி எடுப்பதால் 'நின்றியங்கும் படம்' என்று யாம் சொல்லிக்கொள்கின்றோம்.

எல்லாத் திரைப்படமும் அசையாத படங்களின் வரிசையே என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு நொடிக்கு 24 படங்கள் அடுத்தடுத்துத் திரையில் விழுகின்றன. சிறு சிறு வேறுபாடுடைய இரு நிலைகளை அடுத்தடுத்துக் கண்டால், நம் மனம் அவற்றை இரண்டாகக் கொள்ளாமல், ஒரே பொருள் இங்கிருந்து அங்கு நகர்ந்தது என்று தானே முடிவு செய்துகொள்கின்றது. சாதாரணப் படத்தில் மனிதர் நடப்பார். கருவி இடைவிடாது படம் பிடிக்கும். நின்றியங்கும் படத்தில் முறை தலைகீழ். பொருளை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். பின்னர்க் கையை நீட்டிப் பொருளை மயிரிழை நகர்த்த வேண்டும். கையை விலக்கிக்கொண்டு மற்றொரு படம் எடுக்க வேண்டும். மீண்டும் நகர்த்த வேண்டும். மீண்டும் எடுக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குக் கை தெரியாது. குச்சி நடப்பது மட்டுமே தெரியும்.

நாஞ்சில் நாட்டுத் தோற்பாவைக் கூத்தைக் கண்ட பெரியோர்கள் இங்கே இருக்கின்றீர்கள். திரைக்குப் பின்னே இருக்கும் கூத்தரின் கை ஆடும் அதே வேளையில் பாவையும் ஆடும். ஆனால் இக்கலையிலோ கை ஆடும் வேளை வேறு. பாவை ஆடும் வேளை வேறு. படத்துக்கும் படத்துக்கும் இடையே கை உழைக்கின்றது. உழைத்த சுவடு தெரியாமல் விலகிவிடுகின்றது. அந்த இடைவெளியில்தான் இக்கலை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இது நேற்று வந்த புதுமையன்று. இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் தாதாசாகிப் பால்கே தொடக்கத்திலேயே கைக்கொண்ட முறை இது. பம்பாயில் ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமொன்றைக் கண்ட அவர், நம் நாட்டுக் கதைகளையும் இவ்வாறு எடுக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். 1912ஆம் ஆண்டில் இலண்டன் சென்று கருவி வாங்கித் திரும்பினார். பெரிய படம் எடுக்கப் பணமில்லை. கடன் கொடுப்போர்க்கோ நம்பிக்கையில்லை. பால்கே என்ன செய்தார்? ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அதன்முன் கருவியை நிறுத்தினார். ஒரு மாதத்துக்கு மேலாக நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். அதனை ஓட்டிக் காட்டியபோது விதை முளைத்து, தளிர்விட்டு, கொடியாகப் படர்வது ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கண்முன் நிகழ்ந்தது! கண்டவர் வியந்தனர்; கடனும் கிடைத்தது. அவ்வாறு பிறந்ததே 1913இல் வெளிவந்த 'ராஜா அரிச்சந்திரா' என்னும் முழுநீளப் படம். அவர்தம் துணைவியார் சரசுவதி அம்மையார் நகைகளை ஈந்ததோடு நில்லாமல், படச்சுருளின் ஓரத்தில் துளையிடும் வேலையையும் வீட்டிலிருந்தே செய்தார் என்பதை ஈண்டுக் கூடியுள்ள தாய்மார்கள் கருத்தில் கொள்க.

பட்டாணிக்கொடி தானே வளர்ந்தது. பால்கே காத்திருந்தார், அவ்வளவே. ஆனால் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில் அவர் மேலும் ஒரு படி ஏறினார். 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்னும் சிறு படத்தை எடுத்தார். தீக்குச்சிகளின் வேடிக்கை என்பது அதன் பொருள். உயிரற்ற தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி எடுத்து அவற்றை ஆடச் செய்தார். இந்நாட்டில் நின்றியங்கும் படத்துக்கு முன்னோடி அத்தீக்குச்சிகளே எனலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இங்கே சிறு துரும்பு ஒரு கலைக்கே கால் ஊன்றிக் கொடுத்தது!

இச்செய்தியைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் உண்டு. எம் சொந்த ஊர் கோவில்பட்டி. எம் அன்னையார் தீப்பெட்டி ஆலையில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்கியவர். பள்ளி விட்டு வந்தபின் யாமும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டியிருக்கின்றோம். 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய இரு உறவினர்களால் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவிற்று. பால்கே குச்சிகளை ஆட்டிய 1915இல் அத்தொழில் நம் பக்கம் பிறக்கவேயில்லை. பிறந்தபின் எம் அன்னையார் போன்றோர் கைகளில் எத்தனை ஆயிரம் குச்சிகள் புரண்டிருக்கும்! அவற்றுள் ஒன்றேனும் நடக்கும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்களா?

எம் துறையைச் சேர்ந்தவர் ஒருவரையும் இங்கே நினைவுகூர்தல் தகும். கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தின் ஊழியராக இருந்தவர். 1905ஆம் ஆண்டில் டுபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் ஏசுநாதர் வரலாற்றுப் படச்சுருளையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் கட்டினார். மாதச் சம்பளத்தைக் கைவிட யாம் துணியோம். துணிந்த ஒருவர் நம்மிடை இருந்தார் என்பதில் பெருமை கொள்கின்றோம்.

நாம் வாழும் இம்மண்ணும் இக்கலைக்கு அயலன்று. மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' ஊமைப்படத்தை எடுத்த ஜே.சி. டானியல் அகத்தீசுவரத்தைச் சேர்ந்தவர். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படநிலையம் அமைத்து, கைப்பொருளெல்லாம் இழந்து, 1975இல் அகத்தீசுவரத்திலேயே மறைந்தார். 1992 முதல் கேரள அரசு தன் உயர்ந்த திரைப்பட விருதை அவர் பெயரால் வழங்கி வருகின்றது. 1956ஆம் ஆண்டு எல்லை வகுத்தபோது அகத்தீசுவரம் தமிழகத்தோடு சேர்ந்தது. நம் நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் டானியல் எடுத்தது ஊமைப்படம். அதற்குக் களியக்காவிளையில் சோதனைச் சாவடி ஏது?

இனி நம் பிள்ளைகளின் படத்துக்கு வருவோம். சங்கத்தின் மாலை நேரத் தமிழ் வகுப்பின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். எழுதச் சொன்னால் கை நடுங்குகின்றது. எம் மகனையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு வயது. சென்ற ஆண்டு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். காரணம் கேட்டோம். "வீட்டில்தான் பேசுகிறோமே, அப்பா. எழுதி என்ன ஆகப்போகிறது?" என்றான். எமக்கு விடை தெரியவில்லை. அதட்டினோம், அவன் வாய் மூடிக்கொண்டான். வாய் மூடுவது விடையாகுமா?

ஆதலின் இக்கோடையில் வகுப்பு என்ற பெயரே எடுக்காமல், "தீக்குச்சியை நடக்க வைக்கலாம், வருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டோம். ஆறு பிள்ளைகள் வந்தனர். எம் மகனும் வந்தான். கைப்பேசியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொன்னதால் வந்தான்.

முதற்கண் கணக்குப் போட்டோம். எழுத்தர் வேறென்ன செய்வார்? நாற்பது நொடிக்கு, நொடிக்கு 24 வீதம் 960 படங்கள். ஆனால் ஒவ்வொரு நிலையையும் இரு படங்களுக்கு நிறுத்தினாலும் கண் ஏற்றுக்கொள்ளும் என்பது இத்துறையினரின் அனுபவம். ஆகவே நொடிக்கு 12 நிலைகள் போதும், மொத்தம் 480. நிலைக்கு இரண்டு நிமிடம் வைத்தால், மாலைக்கு இரண்டு மணி நேரத்தில் 60. எட்டு மாலைகளில் முடித்துவிடலாம் என்று எழுதி ஒட்டினோம்.

அடுத்தது, அசையக் கூடாதவற்றை அசையாமல் கட்டுதல். அசைவூட்டும் கலைக்கு முதல் விதி இதுவே. ஒரு முக்காலியின்மேல் கைப்பேசியை இறுகக் கட்டினோம். மேசைக்காலைத் தரையோடு ஒட்டினோம். அடுத்த எதிரி வெயில். பகலொளி கணந்தோறும் மாறும். மேகம் கடந்தால் மங்கும். படங்களைத் தொடுத்து ஓட்டும்போது திரை விட்டு விட்டு மின்னும். எனவே சாளரங்களைக் கறுப்புத் துணியால் மூடி, இரண்டு மின்விளக்குகளை மட்டும் நம்பினோம். கைப்பேசி தன் விருப்பம்போல் வெளிச்சத்தையும் கூர்மையையும் திருத்திக்கொள்ளாதவாறு அவற்றைப் பூட்டி வைக்கும் வசதி செயலியில் உண்டு. முன் எடுத்த படத்தை மங்கலாகக் காட்டி, அதன்மேல் இப்போதைய நிலையைக் காட்டும் வசதியும் உண்டு. எவ்வளவு நகர்த்தினோம் என்பதை அதில் ஒப்பு நோக்கலாம். பால்கேக்கு இவ்வசதி ஏது? அவர் கண்ணும் மனக்கணக்குமே துணை.

குச்சிகளின் மருந்து நுனியை நீரில் ஊறவைத்து நீக்கினோம். சிறுவர் கையாளும் பொருளன்றோ? எம் அன்னையார் அருகில் வந்து அமர்ந்து, கோணல் குச்சிகளை ஒதுக்கி, நேரானவற்றை மட்டும் பொறுக்கித் தந்தார். யாம் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் அவர் இருபது பொறுக்கினார்.

வண்டி புறப்படும் இடத்தில் ஒரு பாடம் கற்றோம். முதலில் பிள்ளைகள் தீப்பெட்டியை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக நகர்த்தினர். ஓட்டிப் பார்த்தால் யாரோ பின்னிருந்து உதைத்தது போலிருந்தது. "வண்டி நிலையத்திலிருந்து எவ்வாறு புறப்படும்? எண்ணிப் பாருங்கள்" என்றோம். முதலில் அரை மில்லிமீட்டர், பின்னர் ஒன்று, பின்னர் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய், எட்டில் ஓட விட்டு, நிற்குமிடம் நெருங்க நெருங்க அதே வரிசையில் குறைத்தோம். இப்போது வண்டிக்குப் பாரம் வந்துவிட்டது! பொருளின் எடை உண்மையில் தராசில் இல்லை. நகர்வின் ஏற்ற இறக்கத்தில் இருக்கின்றது. இஃது இக்கலையின் நுட்பங்களுள் தலையாயது.

பெரிய நிலையங்களிலும் வழி இதுவே, அளவுதான் வேறு. அங்கே பொம்மைகளுக்குள் உலோகக் கம்பியாலோ, குமிழும் கிண்ணமுமாகப் பொருந்தும் மூட்டுகளாலோ எலும்புக்கூடு அமைப்பார்கள். அதனால் வளைத்த கை வளைத்தபடியே நிற்கும். பேசும் பொம்மைக்கு ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வாய் என்று மாற்று வாய்கள் செய்து வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பொருத்துவார்கள். குதிக்கும் பொம்மையை மறைவான தாங்கியால் அந்தரத்தில் நிறுத்தி, பின்னர்ப் படத்திலிருந்து தாங்கியை அழித்துவிடுவார்கள்.

உருசியப் பேரரசில் வாழ்ந்த ஸ்டாரெவிச் என்பார் 1910ஆம் ஆண்டளவில் கொம்பு வண்டுகளின் சண்டையைப் படமெடுக்க முயன்றார். விளக்கைப் போட்டதும் உயிர் வண்டுகள் அசைவற்றுவிட்டன. இறந்த வண்டுகளின் கால்களைக் கம்பியால் பொருத்தி, நகர்த்தி நகர்த்தி எடுத்து வெற்றி கண்டார். 1933இல் வெளிவந்த 'கிங் காங்' என்னும் அமெரிக்கப் படத்தின் மாபெரும் குரங்கு உண்மையில் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரப் பொம்மையே. வில்லிஸ் ஓபிரையன் குழுவினர் அதனைத் தொட்டுத் தொட்டு நகர்த்தியதால் அதன் உரோமம் இடத்துக்கிடம் கலைந்து, திரையில் நெளிவது போலத் தெரியும். மறைந்திருந்த கை தன்னையறியாமல் விட்டுச் சென்ற சுவடு அது. 1963இல் வெளிவந்த 'ஜேசனும் ஆர்கனாட்டுகளும்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாளேந்திப் போரிடும். சில நிமிடமே ஓடும் அக்காட்சியை ரே ஹாரிஹவுசன் நான்கு மாதங்களுக்கு மேல் உழைத்து முடித்தார். கணிப்பொறி நினைத்ததை வரைந்து தரும் இக்காலத்திலும் இக்கலை மடியவில்லை. கில்லெர்மோ டெல் டோரோவின் 'பினோக்கியோ' 2022இல் வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கர் பரிசு பெற்றது. நம் நாட்டிலும் 2007இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்தின் களிமண் காட்சிகளைத் தீமந்த் வியாஸ் அமைத்தார். கேரளத்தவரான சுரேஷ் எரியாட் பம்பாயில் 'டோக்ரி' என்னும் களிமண் படத்தைப் பல ஆண்டுகள் உழைத்து 2017இல் முடித்தார். தந்தையின் கடிகாரத்தை உடைத்துவிட்ட சிறுமி, அதனைச் சரிசெய்யக் கூடை விற்கப் புறப்படும் கதை அது.

நம் படத்தின் இரண்டாம் பகுதி களிமண் பகுதி. மலையாளத்துக்கும் தமிழுக்கும் பொதுவான சிறப்பொலி ழகரம். மலையாள ழகர வடிவில் கிடக்கும் களிமண் திரி, பன்னிரண்டு நொடிகளில் நெளிந்து தமிழ் 'ழ' ஆக மாற வேண்டும் என்பது பிள்ளைகள் தாமே கண்ட திட்டம். மொத்தம் 144 நிலைகள். முதல் நாள் குயவர் களிமண்ணில் திரித்தோம். விளக்குச் சூட்டில் உலர்ந்து வெடித்துவிட்டது. பின்னர் எண்ணெய் கலந்த, உலராத விளையாட்டுக் களிமண் வாங்கினோம்.

நகர்த்தும் பொறுப்பை ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஏற்றாள். எம் மகன் படமெடுப்பதோடு பதிவேட்டையும் எழுதினான். நிலை எண், நகர்த்திய இடம், நகர்த்திய அளவு ஆகியவற்றை ஒவ்வொரு வரியிலும் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால், எது முன் எது பின் என்று மனம் குழம்பிவிடும். தண்டவாளப் பகுதிக்கு அவன் மலையாளத்திலேயே எழுதினான். யாம் ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகின்றானே, அதுவே போதும் என்று இருந்தோம்.

களிமண் பகுதியில் 110ஆம் நிலையை எட்டியிருந்தோம். அன்று மாலை யாம் இருட்டில் எழுந்து பதிவேட்டைப் பார்க்கப் போனோம். விளக்கின் கம்பி எம் காலில் சிக்கியது. முக்காலி சாய்ந்தது. கைப்பேசி நேரே களிமண் எழுத்தின்மேல் விழுந்தது! தூக்கிப் பார்த்தால், மலையாளமுமில்லை, தமிழுமில்லை. தட்டையான ஒரு வடை கிடந்தது.

நசுங்கியதைத் திருத்தி, பழைய படத்தோடு ஒப்பிட்டு வைத்துப் பார்த்தோம். ஒளி மாறிவிட்டது, கோணம் மாறிவிட்டது. ஓட்டியபோது எழுத்து திடுக்கிட்டுத் துள்ளியது. இரு மாலை உழைப்பு எம் ஒரு காலால் பாழாயிற்று. பிள்ளைகள் எம்மைப் பார்த்தனர்; ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "போதும், வண்டிப் பகுதியை மட்டும் விழாவில் காட்டிவிடுவோம்" என்றோம். குற்றம் செய்தவன் கூசிச் சொல்லும் சொல் அதுதானே?

எம் மகன் பதிவேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினான். மேலே ஒரு தலைப்பு எழுதினான். அதன் கீழே '1' என்று எழுதினான். பின்னர் அச்சிறுமியிடம் திரும்பி, "திரியை உருட்டு" என்றான். அவ்வளவே.

முக்காலியைக் கட்டினோம், விளக்குக் கம்பியைத் தரையோடு ஒட்டினோம், எம் நாற்காலியை அவர்கள் சுவரோரம் தள்ளி வைத்தனர். நியாயமே! எட்டு மாலைகள் என்று கணக்கிட்டது பத்தாயிற்று. முடிந்த இரவு, பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று புரட்டினோம். ஏடு கண்டால் சரிபார்க்காமல் எம் கை நில்லாது. புதிய பக்கத்தின் தலைப்பைக் கண்டோம். தமிழில் 'ழ, இரண்டாம் முரை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே 144 வரிகளும் தமிழில் இருந்தன. 'வளைவு', 'வலைவு' ஆகியிருந்தது. 'கீழே' ஓரிடத்தில் 'கீளே'. இருபது வரி தள்ளி 'கீழே'.

ஏன் தமிழில் எழுதினான்? மறுநாள் மெல்லக் கேட்டோம். "அந்தப் பிள்ளை இந்த வருடம்தானே விருதுநகரிலிருந்து வந்தது, அப்பா. மலையாளம் படிக்கத் தெரியவில்லை. நான் படமெடுக்கும்போது அடுத்த வரியை அவள்தானே படித்துப் பார்த்து நகர்த்த வேண்டும்?" என்றான். யாம் ஓராண்டுக்கு முன் விடை தெரியாமல் அதட்டிய வினாவுக்கு, அவனே விடை சொல்லிவிட்டான் என்பதை அவன் அறியான். எழுதி என்ன ஆகப்போகிறது? மற்றொருவர் படிக்க வேண்டியிருக்கிறது! இதனினும் பெரிய காரணம் மொழிக்கு வேண்டுமா?

சிவப்பு மை பேனா எம் சட்டைப் பையில் இருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பிழைகள் கண்ணில் பட்டன. பேனாவை எடுத்தோம், மீண்டும் பையிலேயே வைத்துக்கொண்டோம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே அவன் கை தானே நகர்ந்துகொண்டிருந்தது. அவ்விடைவெளியில் எம் கை புகுந்தால், மீண்டும் முக்காலி சாயும் என்று அஞ்சினோம். திருத்தும் காலம் வரும். அதற்குத்தான் வகுப்பும் ஆசிரியரும் இருக்கின்றனர்.

அன்பர்களே! மொழி எல்லை தாண்டி வந்த ஊரில் நிலைப்பதும் இவ்வாறே என்று எமக்குத் தோன்றுகின்றது. ஆண்டுக்கொரு முறை மேடையேறி முழங்குவதால் அது நகர்வதில்லை. தோரணம் கட்டுவதால் நகர்வதில்லை. நாள்தோறும் அரை மில்லிமீட்டர் யாரேனும் நகர்த்த வேண்டும். நகர்த்திய கை விலகிக்கொள்ளவும் வேண்டும். வரும் சனிக்கிழமை முதல் மாலை வகுப்பு மீண்டும் தொடங்குகின்றது. உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். அதட்டி அனுப்பாதீர்கள்; ஒருவர்க்கொருவர் எழுதிக் காட்ட ஏதேனும் ஒரு வேலையோடு அனுப்புங்கள். எம் மகன் வருவானா என்று கேட்பீர்கள். யாம் அவனைக் கேட்கவில்லை. அடுத்த படத்துக்குப் பதிவேடு வாங்க வேண்டும் என்று மட்டும் நேற்றுச் சொன்னான்.

இப்போது விளக்குகளை அணைக்கச் சொல்கின்றோம். படம் நாற்பது நொடிதான். கண் இமைத்தால் பாதி போய்விடும். எம் அன்னையாருக்கு அதனைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினோம். குச்சிகள் வரிசையாக நடந்து வருவதை முகம் அருகே வைத்துப் பார்த்தார். வியப்பார் என்று எதிர்பார்த்தோம். "மூன்றாவது குச்சி கொஞ்சம் கோணல், தம்பி. நான் பொறுக்கியது இல்லை அது" என்றார். நீங்களும் மூன்றாவது குச்சியைக் கவனியுங்கள். அதனைப் பொறுக்கியது யாமே.